நான்கெல்லைக்கு உட்பட்ட பல்செட்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவருக்கு ஓடாத மீட்டரைக் கண்டால் ஆகாது. குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, வாளி நிரம்பி வழிகிறது, வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கதவைத் திறக்கிறார், ஆனால் மீட்டரின் முள் மட்டும் தியானத்தில் இருக்கிறது என்றால் அங்கே ஏதோ வேலை நடந்திருக்கிறது என்று பொருள். பதினேழு வருடங்களாக இதையே பார்த்துப் பார்த்து மீட்டர்காரருக்கு ஒரு சுபாவம் படிந்துவிட்டது. அசைகிற எதையும் ஒரு தடவை பார்ப்பார். அசையாமல் இருப்பதை இரண்டு தடவை பார்ப்பார்.

அந்த இரண்டாவது பார்வைதான் அவரைப் படம் எடுக்க வைத்தது. ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது துறையின் விதி. படம்தான் சாட்சி. வாரம் முழுவதும் மீட்டரை எடுத்த கை ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருக்க மறுத்தது. கவிழ்த்து வைத்த கிண்ணம், கதவுப் பிடி, துணிக்கொடியில் தனியாகத் தொங்கும் ஒரு காலுறை என்று எது கண்ணில் பட்டாலும் எடுத்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசை மேல் மூன்று பொருட்கள் இருந்தன. கண்ணாடி டம்ளரில் தண்ணீர், தண்ணீருக்குள் மாமனாரின் பல்செட். பக்கத்தில் பிழியக் காத்திருந்த அரை எலுமிச்சை. இந்தப் பக்கம் நாலாக மடித்த நீலத் துண்டு. ஜன்னல் வெளிச்சம் டம்ளர் வழியாகப் புகுந்து மேசை மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. தண்ணீருக்குள் பற்கள் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிந்தன. மீட்டர்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். படத்தை மனைவியிடம் காட்டினார்.

"பல்லு," என்றாள் மனைவி.

"அது தெரியுது. படம் எப்படி?"

"பல்லு மாதிரியே இருக்கு."

மாமனார் பல்செட்டை மாட்டிக்கொண்டு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். "கீழ் வரிசையில ஒரு கறை இருக்கு மாப்பிள்ளை. நல்லவேளை காட்டினீங்க," என்று சொல்லிவிட்டுத் தேய்க்கப் போனார்.

மாமனார் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் குரலைக் கேட்டு ஊரில் பாதிப் பேர் வண்டி பிடித்திருக்கிறார்கள். இளைய மகளுக்கு வருகிற இருபத்திரண்டாம் தேதி கல்யாணம். சம்பந்தி வாயால் பிழைக்கிற மனிதர், வழக்கறிஞர். பெண் வீட்டுச் சார்பாக அப்பா ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கல்யாணப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவர் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் மீட்டர்காரர் மன்றத்துக்கு மீட்டர் பார்க்கப் போனார்.

காட்சிக் கலைக் கருத்து வழங்கு மன்றம் என்பது அதன் பெயர். நாற்பது பேர் வேலை பார்க்கிற மூன்று மாடிக் கட்டடம். அங்கே மீட்டர் மாதத்துக்கு இரண்டு வாளிக்கு மேல் ஓடியதில்லை. மீட்டர்காரர் பலமுறை சந்தேகப்பட்டுக் குழாயைத் தட்டிப் பார்த்திருக்கிறார். திருட்டு ஒன்றும் இல்லை. கை கழுவுவதை அவர்கள் தண்ணீர் இல்லாமலே செய்யப் பழகியிருந்தார்கள்.

அன்று வாசலில் ஒரு புதிய பலகை. 'உங்கள் படத்தைத் தாருங்கள். ஆக்கபூர்வமான கருத்தைப் பெறுங்கள். கட்டணம் இல்லை.'

கட்டணம் இல்லை என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்தார். அப்புறம், கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று உள்ளே போனார்.

விண்ணப்பத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. மனிதர், இயற்கைக் காட்சி, அசையாப் பொருள். மூன்றாவதற்கு நேராகக் குறியிட்டார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது.

"இது என்னங்க?"

"அது ஒண்ணுமில்லை," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "எல்லாரும் போடற கையெழுத்துதான்."

எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்லப்பட்ட எந்தக் கையெழுத்தையும் அவர் அதுவரை போட்டதில்லை. அன்று பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்கள். போட்டு, பல்செட் படத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

பத்தாம் தேதி மதியம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கையில் பசைச் சட்டியும் நாடாச் சுருளும் இருந்தன. இன்னொருவர் மன்றத்தின் சந்தேக உறுப்பினர். அப்படி ஒரு பதவி உண்டு. கருத்துக் குழுவில் தலைவர் பாராட்ட வேண்டும், செயலாளர் ஆமோதிக்க வேண்டும், சந்தேக உறுப்பினர் சந்தேகப்பட வேண்டும். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் பென்சில் மட்டும் வைத்திருந்தார். பேனா எழுத்தை அழிக்க முடியாது என்பதால் பேனாவை நம்புவதில்லையாம்.

மாமனார் உள்ளறையில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். தூங்கும்போது பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டு மேசை மேல் வைப்பது அவர் வழக்கம்.

சந்தேக உறுப்பினர் படத்தைக் கையில் பிடித்து மேசையோடு ஒப்பிட்டார். "டம்ளர் இருக்கு. பல் இருக்கு. எலுமிச்சை எங்கே?"

"அது அன்னிக்கே பிழிஞ்சாச்சு சார்," என்றாள் மனைவி.

"பிழிஞ்சாச்சு," என்று அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "யார் பிழிஞ்சது?"

"நான்தான்."

"தெரிஞ்சே பிழிஞ்சீங்களா?"

மனைவி போய் இன்னொரு எலுமிச்சையை அறுத்து அரை மூடியைக் கொண்டுவந்து வைத்தாள். துண்டையும் மடித்து வைத்தாள். பசைச் சட்டிக்காரர் மேசையைச் சுற்றி நாடா கட்டி, டம்ளரின் மேல் ஒரு சீட்டை ஒட்டினார். 'அசையாப் பொருள். கருத்து வழங்கப்படும் வரை அசைக்கக் கூடாது.'

"சார், அது என் மாமனாரோட பல்லு," என்றார் மீட்டர்காரர். "அவர் எழுந்ததும் மாட்டணும்."

"நீங்கதானே அசையாப் பொருள்னு குறி போட்டிருக்கீங்க?"

"படத்துல அசையாதுங்க."

"படத்துல எதுதான் அசையுது?" சந்தேக உறுப்பினர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க கருத்து சொல்லும்போது பொருள் அப்படியே இருந்தாத்தான் அது அசையாப் பொருள். நடுவுல அசைஞ்சா உங்க படம் பொய்ப் படம். பொய்ப் படம் எடுத்தவரைப் பத்தி அவர் வேலை செய்யற இடத்துக்குத் தெரிவிக்கணும். உறுதிமொழியில இருக்கு, படிச்சீங்கல்ல?"

மீட்டர்காரர் யோசித்துப் பார்த்தார். துறையில் அவர் படம்தான் சாட்சி. ஒரு படம் பொய் என்று ஒரு மன்றம் எழுதிக் கொடுத்தால் பதினேழு வருடப் படங்களும் பொய்யாகும். அப்புறம் வேலை எங்கே இருக்கும்?

மாமனார் எழுந்து வந்தார். கண் விழித்ததும் அவர் முதலில் தேடுவது பல்லைத்தான். நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று டம்ளரைப் பார்த்தார். டம்ளருக்குள்ளிருந்து அவருடைய பல் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இஹு என்ன?" என்றார்.

"உங்க மாப்பிள்ளை படம் எடுத்தாருப்பா," என்றாள் மனைவி. "எடுத்ததுல உங்க பல்லையும் சேர்த்து எடுத்துட்டாரு."

பழைய செட் ஒன்று பெட்டியில் இருந்தது. ஈறு சுருங்கிப் போனதில் அது பொருந்தவில்லை. மாமனார் அதைப் போட்டு ஒரு வேளை மென்று பார்த்தார். அது அவரை மென்றது. கழற்றி வைத்துவிட்டார். அன்றிலிருந்து கஞ்சிதான்.

பல்மருத்துவரிடம் ஓடியதும் பயன்படவில்லை. "புதுசு செய்ய மூணு வாரம் ஆகும்," என்றார் அவர். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

கருத்து சீக்கிரம் கிடைத்தால் பல் சீக்கிரம் கிடைக்கும். பதின்மூன்றாம் தேதி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மீட்டர்காரர் மன்றத்துக்குப் போனார். குழு நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி.

தலைவர் கண்களை மூடிக்கொண்டு பேசினார். படங்களை அதிகம் பார்த்துக் கண் கெட்டுவிடக் கூடாது என்று அவருக்கு அக்கறை.

"தம்பி, நீங்க கொடுத்துவச்சவர். வெளியில கருத்துன்னா என்ன பண்றான்? நல்லா இருக்குன்னு சொல்றான், இல்லை நல்லா இல்லைன்னு சொல்றான். எவ்வளவு கொடூரம்! இந்த மன்றம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆகுது. எங்க கருத்தால இதுவரைக்கும் ஒரே ஒரு கலைஞர்கூட மனசு புண்பட்டதில்லை. ஏன் தெரியுமா?"

"தெரியலைங்க."

"இதுவரைக்கும் யாருக்கும் கருத்து கொடுக்கலை."

செயலாளர் ஆமோதித்தார்.

"அவசரப்பட்டுச் சொல்ற கருத்து ஆக்கபூர்வமா இருக்காது," என்று தலைவர் தொடர்ந்தார். "முதல்ல ஒரு பாராட்டு. நடுவுல ஒரு யோசனை. கடைசியில ஒரு பாராட்டு. இந்த ரெண்டு பாராட்டும் ஒண்ணுக்கொண்ணு எடை சரியா இருக்கணும். முதல் பாராட்டு கனமாப் போச்சுன்னா கலைஞர் தலைக்கனம் பிடிச்சுடுவார். உங்க படத்துக்கு முதல் பாராட்டு தயார். வாசிக்கவா?"

மீட்டர்காரர் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்திருக்கிறது. வராதிருந்தால் இருட்டாக இருந்திருக்கும்.'"

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயாவோட வரி."

"அது பாராட்டுங்களா?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"ஏன், வெளிச்சம் வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றார் சந்தேக உறுப்பினர்.

"இல்லைங்க. படம் நல்லா இருக்கா இல்லையா, அதை மட்டும் ஒரு வார்த்தை..."

தலைவர் கண்ணைத் திறந்தார். "அது தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. வேணும்னா நீங்க அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கலாம். குறிப்புல ஏத்தலை."

"ஏத்திட்டேன்," என்றார் சந்தேக உறுப்பினர். "எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் படத்துல பொருள் சிரிக்குது. சிரிக்கறது அசைவுதானே?"

"பல்லு அப்படித்தாங்க இருக்கும்."

"உரிமையாளர் உயிரோட இருக்காரா?"

"இருக்காருங்க. கஞ்சி குடிச்சுட்டு."

"அப்ப இது ஒரு மனிதரோட பகுதி. மனிதர் பிரிவுல வரணும். அசையாப் பொருள்னா உயிர் இல்லைன்னு சான்று வேணும்."

பல்மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டே அந்தச் சான்றை எழுதிக் கொடுத்தார். "எங்கிட்ட வந்து பல்லுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்ட முதல் ஆள் நீங்கதான்," என்றார். மீட்டர்காரர் சான்றை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

சான்றைச் சேர்த்த பிறகு கோப்பு நகர்ந்தது. நகர்ந்த இடம்தான் தவறு. மேல்மாடியில் யாரோ ஒருவர் கோப்பின் முகப்பில் 'அசையாப் பொருள்' என்று இருப்பதைப் பார்த்தார். அவர் அனுபவத்தில் அசையாதது என்றால் சொத்துதான். கோப்பைச் சொத்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கேயும் யாரும் சந்தேகப்படவில்லை.

பதினாறாம் தேதி நில அளவைக்காரர் ஒருவர் சங்கிலியோடு வந்து இறங்கினார். மேசையைப் பார்த்துச் சங்கிலியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தையல்காரரின் நாடாவை எடுத்தார். இப்படிச் சிறிய சொத்துக்களும் வருவது உண்டு போலிருக்கிறது. அளந்து முடித்துவிட்டு உரக்க வாசித்தார்.

"கிழக்கே எலுமிச்சை மூடிக்கு மேற்கும், மேற்கே மடித்த நீலத் துண்டுக்குக் கிழக்கும், வடக்கே சுவருக்குத் தெற்கும், தெற்கே மேசை விளிம்புக்கு வடக்கும் ஆக இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கண்ணாடி டம்ளர் ஒன்று, அதனுள் தண்ணீர், தண்ணீருக்குள் மேல்வரிசை கீழ்வரிசைப் பற்கள் இருபத்தெட்டு, அதன் இடுக்கு சந்துகள், காற்று வெளிச்சம், வந்து போகும் பாத்தியதைகள் உள்பட. சரிதானே?"

"சரிதாங்க," என்றார் மீட்டர்காரர். எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"அனுபவ பாத்தியம் யாருக்கு?"

மாமனார் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு மேல தொடர்ந்து, தடையில்லாம அனுபவிச்சிருக்கீங்களா?"

"பஹினாலு வருஷமா மெல்லுறேன்."

"சொத்து மேல வில்லங்கம் ஏதாவது உண்டா?"

மாமனார் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி மருமகனைக் காட்டினார்.

அளவைக்காரர் அதையும் எழுதிக்கொண்டு போனார். பதிவு அலுவலகத்திலிருந்து கோப்பு மன்றத்துக்குத் திரும்பியபோது பல்செட்டுக்கு ஒரு சர்வே எண் கிடைத்திருந்தது. வேறு முன்னேற்றம் இல்லை.

வீட்டில் யாரும் மீட்டர்காரரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமனார் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டார். எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தில் த வருகிற சொற்களையும் ச வருகிற சொற்களையும் அடித்துப் பார்த்தார். கடைசியில் மிஞ்சியது 'என் மகள்', 'வாங்க' என்ற இரண்டு மட்டும்தான். அந்தத் தாளை மருமகன் கண்ணில் படும்படி மேசை ஓரத்தில், நாடாவுக்கு வெளியே, வைத்துவிட்டுப் போனார்.

"அத்தான்," என்றாள் கல்யாணப் பெண். கோபமாகச் சொல்லியிருக்கலாம், கெஞ்சலாகச் சொன்னாள். "அப்பா பேசலைன்னா பரவாயில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா பரவாயில்லாம இல்லை."

மீட்டர்காரருக்கு அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இந்த நாட்களில் அவர் உறுதிமொழியின் பொடி எழுத்தை மனப்பாடமே செய்துவிட்டார். ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தார்.

பத்தொன்பதாம் தேதி சந்தேக உறுப்பினர் மறு ஆய்வுக்கு வந்தார். டம்ளர் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"தண்ணி அரை விரல் குறைஞ்சிருக்கு."

"காத்துல ஆவியாப் போயிருக்கும் சார்," என்றார் மீட்டர்காரர்.

"ஆவியாப் போச்சு." பென்சில் ஓடியது. "உங்க வேலையில ஒரு வீட்டுக்காரர் இப்படிச் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

பதினேழு வருடங்களில் முந்நூறு பேராவது மீட்டர்காரரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். தொட்டி ஓட்டை, வெயில், ஆவி, குருவி குடித்தது. ஒருவரையும் அவர் நம்பியதில்லை.

"இந்த வீட்ல யாரோ தண்ணி குடிச்சிருக்கீங்க," என்றார் சந்தேக உறுப்பினர்.

"பல்லு ஊறின தண்ணியையா?" மனைவி தாங்க முடியாமல் முன்னால் வந்தாள். "யாராவது குடிப்பாங்களா சார்? நீங்க குடிப்பீங்களா?"

"நான் குடிப்பேனான்னு கேக்கறது எதுக்கு?" அவர் அதையும் குறித்துக்கொண்டார். ஆனால் போகும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பி டம்ளரைப் பார்த்தார். சந்தேகப்பட வேண்டிய நேரம் முடிந்த பிறகும் பார்த்தார். அது மீட்டர்காரர் கண்ணில் பட்டது. இவருக்கும் இரண்டாவது பார்வை இருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததும், எதற்காகப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டார்.

இருபத்திரண்டாம் தேதி காலை கல்யாண வீடு கிளம்பிக்கொண்டிருந்தது. கார் வாசலில் நின்றது. பத்தரைக்குப் பதிவு, பதினொன்றுக்கு மண்டபத்தில் பேச்சு, பிறகு சாப்பாடு. மாமனார் புதுச் சட்டை போட்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, ஓர் ஓரமாக நின்றார்.

ஒன்பதரைக்குக் கருத்துக் குழு முழுவதுமாக வந்தது. பதினோரு வருடத்தில் வழங்கப்படும் முதல் கருத்து என்பதால் அதை நேரில் வாசிப்பது என்று முடிவாகியிருந்தது. செயலாளர் கோப்பைத் திறந்து தலைவரிடம் நீட்டினார். தலைவர் கண்ணை மூடினார். பிறகு, வாசிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து திறந்தார்.

முதல் பாராட்டு நாலரைப் பக்கம் இருந்தது. வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்தது. டம்ளர் வட்டமாக இருந்தது. எலுமிச்சை, எலுமிச்சைக்கு உரிய நிறத்தில் இருந்தது. நிழல் பொருளை விட்டு ஓடாமல் பக்கத்திலேயே விழுந்தது. வாசலில் கார்க்காரர் இரண்டு தடவை ஒலி எழுப்பினார்.

"இப்ப யோசனை," என்றார் தலைவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, மனசைத் தேத்திக்குங்க. 'பற்கள் சிறப்பாகவே உள்ளன. எனினும், பற்களைச் சுற்றி ஒரு முகம் இருந்திருந்தால் படம் இன்னும் முழுமை பெற்றிருக்கும்.'"



"அப்படின்னா," என்று மீட்டர்காரர் மெதுவாகக் கேட்டார், "முகத்தோட சேர்த்து எடுக்கலாங்களா?"

"எடுத்தே ஆகணும். யோசனையைச் செயல்படுத்தின பிறகுதான் ரெண்டாவது பாராட்டு."

பசைச் சட்டிக்காரர் சீட்டைப் பிரித்தார். மாமனார் நாடாவைத் தாண்டி வந்து டம்ளருக்குள் கையை விட்டுப் பல்செட்டை எடுத்தார், உதறினார், வாய்க்குள் போட்டு ஒரு கடி கடித்து இருத்திக்கொண்டார். கன்னம் இரண்டும் வெளியே வந்தன. பன்னிரண்டு நாளில் இறங்கியிருந்த முகம் ஒரு நொடியில் ஏறியது. நாற்காலியில் உட்கார்ந்து, வலப்பக்கம் எலுமிச்சையும் இடப்பக்கம் துண்டுமாக, ஜன்னல் பக்கம் பார்த்தார். மீட்டர்காரர் எடுத்தார்.

அடுத்த நொடியே பசைச் சட்டிக்காரர் அவருடைய புதுச் சட்டைப் பையின் மேல் சீட்டை ஒட்டினார். 'அசையாப் பொருள். கருத்து வழங்கப்படும் வரை அசைக்கக் கூடாது.'

"எவ்வளவு நேரம்?" என்றார் மாமனார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு குரல் அவ்வளவு தெளிவாக வந்தது.

"இந்தத் தடவை பொருள் பெரிசாச்சே," என்றார் தலைவர். "ஒரு வருஷம்."

"அப்பா!" என்றாள் கல்யாணப் பெண்.

மாமனார் எழவில்லை. மருமகனைப் பார்த்தார். எழுந்தால் மருமகனின் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். பல் கிடைத்த பிறகும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் ஓட்டை தேடித் தேடிச் சலித்திருந்த மீட்டர்காரருக்கு அந்த மௌனத்தில்தான் ஒரு வரி பிடிபட்டது.

"சார், உறுதிமொழி ஒன்பதாவது வரி. 'பொருள் கிடைக்காத நிலையில் விண்ணப்பதாரரே பொருளாகக் கருதப்படுவார்.' மாமா போகட்டும். அந்த இடத்துல நான் உட்கார்றேன்."

குழு கூடிப் பேசியது. தலைவருக்கு ஆட்சேபம் இல்லை. அவர் கண்ணை மூடியிருந்ததால் வித்தியாசம் தெரியப் போவதில்லை. செயலாளர் ஆமோதித்தார். சந்தேக உறுப்பினர் மட்டும், "அசையாம இருப்பார்ங்கறது என்ன நிச்சயம்? நான் இருந்து பாக்கறேன்," என்றார்.

"நீங்க வராம எப்படி மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"கல்யாணத்துல நீங்க பேசணும் மாமா. நான் சும்மா கைதட்டத்தானே வர்றேன். கைதட்ட ஆளா இல்லை?"

சீட்டு சட்டை மாறியது. மனைவி வந்து அவருடைய காலரைச் சரிசெய்தாள். "அப்பா பன்னெண்டு நாள் பட்டதை நீங்களும் படுங்க," என்றாள். பிறகு குனிந்து, "சாப்பாடு கட்டிக் கொண்டுவர்றேன். அசையாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். கார் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மன்றத்தின் வண்டியும் போனது.

வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அசையாமல் இருந்தார். மற்றவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மேசை மேல் மெல்ல நகர்ந்தது. மீட்டர்காரரின் மூக்கு அரித்தது. சந்தேக உறுப்பினர் அதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி பென்சிலை எடுத்தார். மூக்கு தானாகவே அடங்கியது.

பதினொன்றேகாலுக்கு மேசை மேலிருந்த தொலைபேசி அடித்தது. அசையாப் பொருள் தொலைபேசியை எடுக்க முடியாது. வெகுநேரம் அடித்த பிறகு சந்தேக உறுப்பினர் எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி வைத்தார். மண்டபத்து இரைச்சல் அறைக்குள் வந்தது. யாரோ மாமனாரின் வாய்ப் பக்கத்தில் போனைப் பிடித்திருந்தார்கள்.

"பயணிகளின் கவனத்திற்கு." இரைச்சல் சட்டென்று நின்றது. "இருபத்தாறு வருஷமா எங்க வீட்டுல நின்னுட்டு இருந்த ஒரு வண்டி, இன்னிக்குச் சரியான நேரத்துல, சந்தோஷமா, சம்பந்தி வீட்டுக்குப் புறப்படுது. வழியனுப்ப வந்தவங்க தயவுசெஞ்சு வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க. நான் மட்டும் கொஞ்சம் பக்கத்துல நின்னுக்கறேன்."

கைதட்டல் எழுந்தது. ஒரு த தவறவில்லை. ஒரு ச சறுக்கவில்லை.

"இதைச் சொல்ல எனக்குப் பல்லு வேண்டியிருந்தது," என்று குரல் தொடர்ந்தது. "அந்தப் பல்லை எனக்கு மீட்டுக் கொடுத்த என் மூத்த மாப்பிள்ளை இப்ப வீட்ல ஒரு நாற்காலியில அசையாம உட்கார்ந்திருக்கார். இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்கறவங்களுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்." சம்பந்தியின் சிரிப்புதான் முதலில் வெடித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. பேச்சு இன்னும் நாலு நிமிடம் ஓடியது. நடுவில் மகள் பிறந்த அன்று தாமதமாக வந்த வண்டிகளின் பட்டியல் ஒன்று வந்தது. அது கொஞ்சம் நீளம்.

சந்தேக உறுப்பினர் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார். தொடர்பு அறுந்ததும் பென்சிலை எடுத்தார். குறிப்பேட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மூன்று வரி எழுதினார். எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பழக்கத்தில் அதை வாய்விட்டே படித்துப் பார்த்தார்.

"'தொடக்கம் நன்று. வண்டிப் பட்டியலைக் குறைத்திருக்கலாம். குரல் மிக நன்று.'"

படித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திடுக்கிட்டு நிமிர்ந்தார். அறையில் ஒரே ஓர் அசையாப் பொருள் மட்டும் இருந்தது. அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உதட்டோரம் லேசாக நடுங்குவது போலத் தோன்றியது. அவர் பென்சிலை நீட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு முகம் உட்கார்ந்தார்.

மீட்டர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.